சமரச மையத்துக்கு வழக்கு போனால் என்ன நடக்கும்?

ஒரு வாய்தா நாளில் நீதிபதி கேஸ் கட்டைப் புரட்டிவிட்டு, "இதைச் சமரச மையத்துக்கு அனுப்புகிறேன். இரண்டு தரப்பும் நேரில் போய் ஆஜராகுங்கள்" என்கிறார். வாதிக்கு ஒரு பயம் வருகிறது: நம் கேஸில் பலமில்லை என்று நினைத்துவிட்டாரோ? பிரதிவாதிக்கு வேறொரு பயம்: அங்கே உட்கார வைத்து நெருக்கிக் கையெழுத்து வாங்கிவிடுவார்களோ? இரண்டுக்கும் இடமில்லை. வழக்கு தள்ளுபடி ஆகவில்லை. அதே நம்பரோடு கோர்ட்டில் உயிரோடுதான் இருக்கிறது. சமரசம் ஆகாவிட்டால் விட்ட இடத்திலிருந்து மேலே நடக்கும். மையத்தில் பேசியது எதுவும் நீதிபதியின் காதுக்குப் போகாது.

சமரசம் என்பதைப் பலர் ஊர்ப் பஞ்சாயத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். பஞ்சாயத்தில் பெரியவர் ஒருவர் கடைசியில் தீர்ப்புச் சொல்வார், கேட்டுத்தான் ஆகவேண்டும். சமரச மையத்தில் தீர்ப்புச் சொல்ல ஆளே கிடையாது. அங்கே இருப்பவர் சமரசர். பெரும்பாலும் அனுபவமுள்ள வழக்கறிஞர். சமரசம் செய்து வைப்பதற்கென்றே 40 மணி நேரப் பயிற்சி பெற்றவர். யார் சொல்வது சரி என்று அவர் முடிவு செய்வதில்லை. இரண்டு தரப்பும் தங்களுக்குள் ஒரு முடிவுக்கு வரும்படி பேச்சை நடத்திக் கொடுப்பது மட்டுமே அவர் வேலை. நடுவர் தீர்ப்பாயம் இதற்கு நேர் எதிர். அங்கே நடுவர் இரு தரப்பு வாதத்தையும் கேட்டுத் தீர்ப்பளிப்பார். அது இருவரையும் கட்டுப்படுத்தும். லோக் அதாலத் எனப்படும் மக்கள் நீதிமன்றத்திலும் சம்மதம் வேண்டும்தான். ஆனால் ஒரே நாளில் நிறைய வழக்குகளை எடுப்பதால் ஒரு வழக்குக்குக் கிடைக்கும் நேரம் குறைவு. விபத்து இழப்பீடு, வங்கிக் கடன் போல, தொகை எவ்வளவு என்பது மட்டுமே கேள்வியாக இருக்கும் வழக்குக்கு அது நல்ல இடம். அண்ணன் தம்பி சண்டையை அரை மணி நேரத்தில் அங்கே முடிக்க முடியாது.

சட்டத்தில் இதற்கான கதவு, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 89-ஆம் பிரிவு. 1999-இல் திருத்தமாகச் சேர்க்கப்பட்டு, 2002 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தது. எழுதும்போதே அதில் ஒரு பிழை புகுந்துவிட்டது. சமரசத்துக்குத் தரவேண்டிய விளக்கத்தை 'நீதிமன்ற வழி உடன்பாடு' என்பதற்கும், அதற்குரியதைச் சமரசத்துக்கும் இடம் மாற்றிப் போட்டுவிட்டார்கள். அஃப்கான்ஸ் எதிர் செரியன் வர்க்கி வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம் இதைச் சுட்டிக்காட்டி, இரண்டையும் மாற்றிப் படிக்க வேண்டும் என்று சொல்லிச் சரிசெய்தது. இன்று சிவில் வழக்கைச் சமரசத்துக்கு அனுப்பும் நீதிபதிகளுக்கு அந்தத் தீர்ப்புதான் கைவிளக்கு. அதற்கு முன்பே, 2005 ஏப்ரல் 9 அன்று, சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் தமிழ்நாடு சமரச மையம் தொடங்கிவிட்டது. நீதிமன்றத்தோடு இணைந்து இயங்கிய முதல் சமரச மையம் இந்தியாவிலேயே இதுதான். மூத்த வழக்கறிஞர் ஸ்ரீராம் பஞ்சு அதைக் கட்டியெழுப்பியவர்களில் முக்கியமானவர். இப்போது மாவட்ட நீதிமன்றங்களிலும் மையங்கள் இருக்கின்றன. அங்கே கட்சிக்காரர்கள் சமரசருக்குக் கட்டணம் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை.

எந்த வழக்கு போகும், எது போகாது?

பாகப்பிரிவினை, கூட்டுத் தொழில் பிரிவு, வாடகை, பக்கத்து வீட்டுக்காரரோடு வழித்தகராறு, பணம் கொடுக்கல் வாங்கல், ஒப்பந்தம், குடும்ப வழக்கு, விபத்து இழப்பீடு, நுகர்வோர் வழக்கு ஆகியவை சமரசத்துக்கு ஏற்றவை. தீர்ப்பு வந்த பிறகும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்துத்தான் ஆகவேண்டும் என்ற உறவு எங்கே இருக்கிறதோ, அங்கே இது நன்றாக வேலை செய்யும். ஊர்ப் பொதுவில் பலர் சார்பாகப் போடும் பிரதிநிதித்துவ வழக்கு, தேர்தல் வழக்கு, உயில் மெய்ப்பிப்பு, போலிப் பத்திரம், மோசடி என்று கடுமையான குற்றச்சாட்டு உள்ள வழக்கு இவற்றை அனுப்பக் கூடாது என்று அதே 2010 தீர்ப்பு பட்டியல் போட்டது. மைனர், மனநலம் குன்றியவர், கோயில் தெய்வம் இவர்கள் மீதான உரிமைக் கோரிக்கைகளும் அந்தப் பட்டியலில் உண்டு. அவர்கள் தாங்களாகப் பேரம் பேச முடியாதவர்கள். கோர்ட்டின் பாதுகாப்பு அவர்களுக்கு வேண்டும். பங்காளிகளில் ஒருவர் மைனராக இருந்தால், அவர் சார்பில் ராஜி, அதாவது சமரச உடன்பாடு, செய்துகொள்ளக் கோர்ட்டிடம் தனி அனுமதி வாங்க வேண்டும். வாங்காமல் விட்டால், அவர் பெரியவரானதும் அந்த ராஜியையே உடைக்கலாம்.

எப்போது அனுப்புவது என்பதும் முக்கியம். வாதியின் வழக்குரையும் பிரதிவாதியின் எதிர்வழக்குரையும் தாக்கலாகி, எழுவினாக்கள் வனைவதற்கு, அதாவது வழக்கில் தீர்க்க வேண்டிய கேள்விகளைக் கோர்ட் வகுப்பதற்கு, முன்பு அனுப்புவது பொதுவாக நல்லது. அப்போது இரு தரப்பின் நிலையும் காகிதத்தில் தெளிவாக இருக்கும். சாட்சிக் கூண்டில் ஏறி ஒருவரையொருவர் பொய்யர் என்று சொல்லும் கட்டம் வந்திருக்காது. குடும்ப வழக்கில் இவ்வளவு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. எதிர்வழக்குரையில் எழுதும் ஒவ்வொரு வரியும் புதுக் காயம். அதனால் சம்மன் எதிர்த் தரப்பின் கைக்குப் போனதுமே அனுப்பிவிட வேண்டும். சமரசத்துக்கு அனுப்ப இரு தரப்பின் சம்மதம் தேவையில்லை. சமரசம் ஆவதற்குத்தான் சம்மதம் தேவை. இந்த ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும்.

உள்ளே நடப்பது

ஒரு எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். சென்னைப் புறநகரில் ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனையில் அப்பா சொந்தச் சம்பாத்தியத்தில் கட்டிய வீடு. அம்மா முன்பே காலமாகிவிட்டார். அப்பாவும் உயில் எழுதாமல் போய்விட்டார். அண்ணன் அங்கேயே குடும்பத்தோடு குடியிருக்கிறார். தம்பி வெளியூரில் வேலை. கல்யாணமாகிப் போன தங்கை பாகப்பிரிவினை வழக்குப் போட்டிருக்கிறார். வீட்டின் மதிப்பு 90 லட்சம் என்று வைத்துக்கொள்வோம்.

கோர்ட் இதை எப்படி முடிக்கும்? ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று முதல்நிலைத் தீர்ப்பாணை வரும். அதோடு முடிந்துவிடாது. இறுதித் தீர்ப்பாணைக்கு இன்னொரு மனு போட வேண்டும். கோர்ட் நியமிக்கும் வழக்கறிஞர் ஆணையர் சர்வேயரோடு வந்து அளப்பார். இந்த வீட்டை மூன்றாகப் பிரிக்க முடியாது என்று அறிக்கை கொடுப்பார். பிறகு 1893-ஆம் ஆண்டு பாகப்பிரிவினைச் சட்டப்படி விற்பனை, ஏலம். நடுவே மேல்முறையீடுகள். கடைசியில் குடியிருக்கும் வீடு அண்ணன் கையை விட்டுப் போகும். ஏலத்தில் வந்த பணம் மூவருக்கும் குறைவாகக் கிடைக்கும்.

மையத்தில் முதல் அமர்வில் சமரசர் விதிகளைச் சொல்வார்: ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடக் கூடாது, இங்கே சொன்னதைக் கோர்ட்டில் ஆதாரமாகக் காட்டக் கூடாது, விருப்பமில்லாவிட்டால் எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம். பிறகு கட்சிக்காரர்களே பேசுவார்கள்; வக்கீல்கள் பக்கத்தில் இருப்பார்கள். கோர்ட்டில் பத்து வருடம் நடந்த வழக்கிலும் கட்சிக்காரர் தன் வாயால் முழுதாகப் பேசுவது பல நேரம் இங்கேதான் முதல்முறை.

அடுத்து, ஒவ்வொரு தரப்போடும் தனி அமர்வு. சமரசத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது. நம் எடுத்துக்காட்டில் அண்ணன் சொல்கிறார்: "அப்பாவுக்கு மூணு வருஷம் டயாலிசிஸ் பார்த்தது நான். வாரம் ரெண்டு தடவை ஆஸ்பத்திரி. ஒருத்தரும் ஒரு ரூபா கொடுக்கலை. இப்ப மட்டும் சரிபங்கு வேணுமா?" தங்கை தனியே சொல்கிறார்: "அப்பா திதிக்குக்கூட என்னைக் கூப்பிடலைங்க. நோட்டீஸ் விட்ட பிறகுதான் எனக்கும் பங்கு இருக்குன்னே அண்ணனுக்கு ஞாபகம் வந்தது." இந்த இரண்டையும் பற்றிக் கோர்ட் தீர்ப்பில் ஒரு வரிகூட வராது, வரவும் சட்டத்தில் இடமில்லை. ஆனால் வழக்கை ஓட்டிக்கொண்டிருப்பது இந்த இரண்டும்தான். தனி அமர்வில் கேட்டதில் எதை அடுத்த தரப்பிடம் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று சமரசர் கேட்டு வைத்துக்கொள்வார். அனுமதி இல்லாத எதையும் அந்தப் பக்கம் கொண்டுபோக மாட்டார்.

கூடவே ஒவ்வொருவரிடமும் சில கேள்விகளைக் கேட்பார். இது சமரசம் ஆகாவிட்டால் உங்களுக்கு என்ன கிடைக்கும்? எத்தனை வருடத்தில்? எவ்வளவு செலவில்? கையில் வரும் தொகையில் இருந்து அந்தச் செலவைக் கழித்தால் மிச்சம் என்ன? பதிலைக் கட்சிக்காரரே வக்கீலோடு உட்கார்ந்து கணக்குப் போடட்டும் என்று விட்டுவிடுவார். அவரே பதில் சொன்னால் அது அறிவுரை. அவர்களே கண்டுபிடித்தால்தான் முடிவு நிற்கும்.

அப்படிப் பேசிப் பேசி வருகிற முடிவு இப்படி இருக்கலாம்: வீடு அண்ணனுக்கு. தம்பிக்கு 30 லட்சத்தை வங்கிக் கடன் எடுத்து 60 நாளில் கொடுப்பது. தங்கைக்கு, அண்ணன் பெயரில் தனியே இருக்கும் 18 லட்சம் மதிப்புள்ள ஒரு காலி மனை. மீதி 12 லட்சத்தை மாதம் ஒரு லட்சமாக 12 தவணை. திதியை மூவரும் சேர்ந்து கொடுப்பது. எந்த நீதிபதியும் இப்படி ஒரு தீர்ப்பு எழுத முடியாது. அந்தக் காலி மனை வழக்கிலேயே இல்லை. திதி சட்டத்திலேயே இல்லை.

கோர்ட் அனுப்பும் சமரசத்துக்குப் பொதுவாக 60 நாள். நல்லபடியாகப் போனால் மேலும் 30 நாள் நீட்டிக்கலாம். ஒரே அமர்வில் முடிய வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். இரண்டாவது அமர்வுக்கு வரும்போதுதான் பலர் வீட்டில் பேசிவிட்டு உண்மையான மனநிலையோடு வருகிறார்கள்.

ஒப்பந்தம் எழுதும் இடம்

பேச்சில் முடிந்த சமரசம் காகிதத்தில் கெட்டுப்போவது அடிக்கடி நடக்கிறது. 'பிரதிவாதி விரைவில் பணம் செலுத்த வேண்டும்', 'இரு தரப்பும் ஒத்துழைக்க வேண்டும்' என்ற வரிகளை வைத்துக்கொண்டு, அதைக் கோர்ட் மூலம் அமல்படுத்தக் கேட்கும் நிறைவேற்றுதல் மனுவை நாளை போட முடியாது. விரைவில் என்றால் எந்தத் தேதி? எவ்வளவு? காசோலையா, டிமாண்ட் டிராஃப்டா, வங்கிக் கணக்கிலா? ஒரு தவணை தவறினால் என்ன? 'எந்த ஒரு தவணை 15 நாளுக்கு மேல் தவறினாலும் மீதித் தொகை முழுவதும் உடனே செலுத்தத்தக்கது, இத்தனை சதவீத வட்டியோடு' என்று எழுதினால்தான் அந்த வரிக்குப் பல் இருக்கும்.

நிலம் என்றால் சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, நான்கு எல்லை, கையொப்பமிட்ட வரைபடம் எல்லாம் வேண்டும். பொது வழியையும் கிணற்றையும் கழிவுநீர்க் குழாயையும் விட்டுவிட்டுப் பிரித்தால் அடுத்த வழக்கு அங்கிருந்தே முளைக்கும். இரு தரப்புக்கும் நடுவில் நிலுவையில் இருக்கும் மற்ற வழக்குகளை எண்ணோடு குறித்து, எது எந்தத் தேதியில் திரும்பப் பெறப்படும் என்றும் எழுத வேண்டும். ஒப்பந்தம் கட்சிக்காரருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் எழுதி, 'படித்துக் காட்டப்பட்டது' என்று ஒரு வரி போடுவது போதாது.

பதிவு விஷயத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. பங்காளிகளுக்கு ஏற்கெனவே உள்ள உரிமையைப் பிரித்து, வழக்குச் சொத்தைப் பற்றி மட்டும் கோர்ட் பிறப்பிக்கும் ராஜித் தீர்ப்பாணைக்குப் பதிவுச் சட்டப்படி கட்டாயப் பதிவு கிடையாது. வழக்கில் இல்லாத சொத்து அதில் நுழைந்தால் பதிவு வேண்டும். நம் எடுத்துக்காட்டில் வீட்டுக்குப் பிரச்சினை இல்லை; அண்ணனின் காலி மனைக்குத் தனியே பத்திரம் எழுதிப் பதிய வேண்டும். எந்தத் தேதிக்குள், யார் செலவில் என்று ஒப்பந்தத்திலேயே எழுதவில்லை என்றால் தங்கைக்குக் கிடைத்தது வெறும் வாக்குறுதிதான்.

இன்னொரு சிக்கல், பணம் முதலா, கையெழுத்து முதலா என்பது. கடன் கொடுக்கும் வங்கி தீர்ப்பாணையின் சான்றிட்ட நகலைக் கேட்கும். வில்லங்கச் சான்றில் தெரிய வேண்டும் என்று தம்பி, தங்கையிடமிருந்து, தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமும் கேட்கக்கூடும். தம்பியோ பணம் கைக்கு வராமல் பத்திரத்தில் கையெழுத்துப் போட மாட்டார். வங்கியோடு முன்கூட்டியே பேசி, ஒரே நாளில் சார்பதிவாளர் அலுவலகத்தில் டிமாண்ட் டிராஃப்டும் பத்திரமும் கைமாறுவது என்று எழுதி வைப்பதுதான் வழி. இப்படி ஒரு பத்தி இல்லாததால் மட்டும் 60 நாள் கெடு தாண்டிப் போய், நல்ல சமரசம் மறுபடி சண்டையாகிவிடும்.

கையெழுத்தானதும் ஒப்பந்தம் கோர்ட்டுக்குப் போகிறது. நீதிபதி இரு தரப்பையும் கேட்டு, சட்டத்துக்கு உட்பட்டது என்று பார்த்து, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 23 விதி 3-இன்படி தீர்ப்பாணை பிறப்பிப்பார். சம்மதத்தின் பேரில் வந்த தீர்ப்பாணை என்பதால் அதே சட்டத்தின் 96(3) பிரிவின்படி அதன் மீது மேல்முறையீடு கிடையாது. அதை ரத்து செய்யத் தனி வழக்கும் போட முடியாது. இது பெரிய வரம், அதே அளவுக்கு எச்சரிக்கையும்கூட: கையெழுத்துப் போடும் முன் ஓர் இரவு தள்ளிப்போட்டுப் படித்துப் பார்க்க நேரம் கேளுங்கள். தாராளமாகக் கொடுப்பார்கள்.

கோர்ட் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். தமிழ்நாட்டில் பண வசூல் வழக்குக்குக் கட்டணம் 3 சதவீதம். 10 லட்ச ரூபாய் வழக்குக்கு 30,000 ரூபாய். 89-ஆம் பிரிவின் கீழ் தீர்ந்த வழக்கில் முழுத் தொகையையும் திரும்பப் பெற, தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தின் 69-ஏ பிரிவு வழி செய்கிறது. கோர்ட் அனுப்பாமல், கட்சிக்காரர்கள் வெளியிலேயே தங்களுக்குள் பேசி முடித்துக்கொண்டால்? அதற்கும் உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதை, 2021 பிப்ரவரியில் எம்.சி. சுப்பிரமணியம் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. கட்டணத்தைத் திருப்பித் தரக் கோரும் வரி, கோர்ட்டில் கொடுக்கும் சமரச மெமோவில் இருக்கிறதா என்று பாருங்கள். பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

சமரசம் ஆகாமல் போனால் சமரசரின் அறிக்கை ஒரே வரிதான்: சமரசம் ஏற்படவில்லை. யார் எவ்வளவு கேட்டார், யார் பிடிவாதம் பிடித்தார் என்று எழுதக் கூடாது. மோதி ராம் எதிர் அசோக் குமார் வழக்கில், பேச்சில் வந்த யோசனைகளையெல்லாம் சமரசர் எழுதி அனுப்பியதை உச்ச நீதிமன்றம் தவறு என்றது. இந்த ரகசியம் உடைந்தால் அடுத்து யாருமே உள்ளே மனம் விட்டுப் பேச மாட்டார்கள்.

ஏன் பல வழக்குகள் திரும்பி வருகின்றன?

முதல் காரணம், முடிவெடுக்க அதிகாரம் இல்லாதவர் வருவது. நிறுவனத்திலிருந்து வரும் அலுவலர் ஒவ்வொரு எண்ணுக்கும் 'மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன்' என்றால் அமர்வுகள் வீணாகும். எந்தத் தொகை வரை ஒப்புக்கொள்ளலாம் என்ற எழுத்துப்பூர்வ அதிகாரத்தோடு ஆளை அனுப்ப வேண்டும். அரசுத் துறைகளில் இது இன்னும் கடினம். தீர்ப்பின்படி பத்து லட்சம் கொடுத்தால் அதிகாரியை யாரும் கேட்க மாட்டார்கள். சமரசத்தில் ஏழு லட்சம் கொடுத்தால் தணிக்கையில் கேள்வி வரும். அந்தப் பயத்தைப் போக்காமல் அரசு வழக்குகளில் சமரசம் பெருகாது.

இரண்டாவது, பங்காளி ஒருவரை விட்டுவிடுவது. பெரும்பாலும் அவர் மகளாக இருப்பார். பூர்விகச் சொத்தில் மகளுக்கும் சம உரிமை என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் செய்தது. 2005-இல் அது நாடு முழுவதற்கும் ஆனது. அண்ணன் தம்பிகள் மட்டும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் அக்காவைக் கட்டுப்படுத்தாது. மூன்றாவது, எல்லா வழக்கையும் கண்ணை மூடிக்கொண்டு அனுப்புவது. தடையுத்தரவு வாங்கி வைத்துக்கொண்டு காலம் கடத்தவே விரும்பும் தரப்புக்கு, சமரசம் இன்னும் மூன்று மாத அவகாசம். அப்படிப்பட்டவர் இரண்டு முறை வராவிட்டால் மையம் உடனே கேஸ் கட்டைக் கோர்ட்டுக்குத் திருப்பி அனுப்பிவிட வேண்டும்.

வழக்குக்கு முன்பே சமரசம்

இதுவரை சொன்னது வழக்குப் போட்ட பிறகு நடப்பது. இப்போது விரிவாக்கம் வழக்குக்கு முந்தைய கட்டத்தை நோக்கி நகர்கிறது. வணிக நீதிமன்றச் சட்டத்தில் 2018-இல் சேர்ந்த 12-ஏ பிரிவுப்படி, மூன்று லட்சமும் அதற்கு மேலும் மதிப்புள்ள வணிகத் தகராறில், அவசர இடைக்கால நிவாரணம் தேவைப்படாவிட்டால், முதலில் சமரசத்துக்குப் போக வேண்டும். 1,000 ரூபாய் கட்டி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பம். எதிர்த் தரப்புக்கு நோட்டீஸ். மூன்று மாதம், சம்மதித்தால் மேலும் இரண்டு மாதம். இந்தக் காலம், வழக்குப் போடுவதற்கான காலவரையறைக் கணக்கில் சேராது. 3 முதல் 10 லட்சம் வரையிலான தகராறுக்குச் சமரசக் கட்டணம் 15,000 ரூபாய். இரு தரப்பும் பாதிப் பாதி. இது கட்டாயம், மீறினால் வழக்குரையே நிராகரிக்கப்படும் என்று 2022-இல் பாட்டீல் ஆட்டோமேஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இதைத் தாண்டிப் போகவே சும்மா ஓர் இடைக்கால மனுவைச் சேர்த்துப் போடும் பழக்கத்தை 2023-இல் யாமினி மனோகர் வழக்கில் கண்டித்தது. எதிர்த் தரப்பு வராமலே இருந்துவிடுவதுதான் இங்கே பெரிய ஓட்டை. வராதவருக்குப் பெரிய இழப்பு எதுவும் இல்லை.

2023-இல் நாடாளுமன்றம் சமரசத்துக்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. 2021 மசோதாவில் எல்லாச் சிவில் வழக்குக்கும் முன்சமரசம் கட்டாயம் என்று இருந்தது. நாடாளுமன்றக் குழு தயக்கம் தெரிவித்த பிறகு, விரும்பினால் என்று மாறியது. கட்டாயப்படுத்தும் முன் ஊருக்கு ஊர் பயிற்சி பெற்ற சமரசர்கள் வேண்டும் என்பதால், இது சரியான முடிவு என்றே தோன்றுகிறது. சட்டத்தின் சில பிரிவுகள் 2023 அக்டோபர் 9 முதல் அமலுக்கு வந்தன. மற்றவற்றுக்குத் தனித்தனி அறிவிக்கை வேண்டும். அதனால் ஒரு பிரிவை நம்பி நடவடிக்கை எடுக்கும் முன், அது நடைமுறையில் இருக்கிறதா என்று வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இலங்கையில் வேறு பாதை. 1988-ஆம் ஆண்டின் 72-ஆம் இலக்கச் சட்டத்தால் அங்கே மத்தியஸ்த சபைகள் அமைந்தன. குறிப்பிட்ட தொகைக்கு உட்பட்ட சிவில் பிணக்கு முதலில் அந்தச் சபைக்குப் போய், இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழ் பெற்ற பிறகே அதை நீதிமன்றம் ஏற்கும். மூன்று மத்தியஸ்தர்கள் இருப்பார்கள். சட்டத்தரணிகள், அதாவது வக்கீல்கள், கட்சிக்காரருக்காக ஆஜராக முடியாது. சிறிய தொகைக்கு இது ஏழைக்கு வசதி. நம் ஊர்ப் பாகப்பிரிவினை வழக்குக்கு வக்கீல் பக்கத்தில் இருப்பதே நல்லது. மேலே பார்த்த பதிவுக் கண்ணியை அவர்தான் கவனிப்பார்.

முதல் அமர்வுக்குப் போகும்போது எடுத்துச் செல்ல வேண்டியவை: வழக்குரை, எதிர்வழக்குரை நகல்கள், மூலப் பத்திரத்தின் நகல், அண்மை வில்லங்கச் சான்று, பட்டா, வாரிசுச் சான்றிதழ், சொத்தின் இன்றைய வழிகாட்டி மதிப்பு, நீங்கள் செலவு செய்த தொகைக்கு ரசீதுகள். ஒரு தாளில் மூன்று எண்களை எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்: கேட்கப் போகும் தொகை, கிடைத்தால் மகிழ்ச்சி என்ற தொகை, இதற்குக் கீழே முடியாது என்ற தொகை. மூன்றாவதை வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொண்ட பிறகு மையத்துக்குக் கிளம்புங்கள்.